டிரில் பிட் ஏன் கருகுகிறது? வெட்டு வேகம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன: எந்தப் பொருளை எவ்வளவு வேகத்தில் வெட்டுவது? கடைசல் இயந்திரமான லேத், டிரில், பள்ளம் செதுக்கும் ரூட்டர், கட்டிங் வீல் என்று கருவி மாறினாலும் அடியில் ஓடும் கணக்கு ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 6 மி.மீ. டிரில் பிட் நன்றாகத் துளை போடும் அதே வேகத்தில் 20 மி.மீ. பிட்டைப் போட்டால் ஓரம் நீலமாகிக் கருகிவிடுகிறது. மெஷினும் அதே மெஷின், இரும்பும் அதே இரும்பு. பிட் மட்டமானதா?

பிட்மேல் தவறில்லை. மெஷினில் எழுதியிருக்கும் ஆர்.பி.எம். நிமிடத்துக்கான சுற்றுகளின் எண்ணிக்கை மட்டும்தான். வெட்டும் முனைக்கு அந்த எண்ணிக்கையால் ஒன்றும் ஆகாது. உலோகத்தின் மேல் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் உரசி ஓடுகிறது என்பதே அதற்குக் கணக்கு. அதுதான் வெட்டு வேகம். ஒரு சுற்றில் 6 மி.மீ. பிட்டின் ஓரம் சுமார் 19 மி.மீ. தூரம் போகும். 20 மி.மீ. பிட்டின் ஓரம் அதே ஒரு சுற்றில் 63 மி.மீ. போயாக வேண்டும்.

கணக்குப் போடுவது எளிது. வெட்டு வேகத்தை 318-ஆல் பெருக்கி, விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். வந்துவிடும். வேகம் மீட்டரில், விட்டம் மி.மீ.-இல். எம்.எஸ். எனப்படும் சாதாரண இரும்புக்கு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் என்றால் நிமிடத்துக்கு 25 மீட்டர் வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 6 மி.மீ. பிட்டுக்கு 1,325, 10 மி.மீ.-க்கு 795, 20 மி.மீ.-க்கு 400-ஐ ஒட்டி. நீங்கள் 1,325-இல் 20 மி.மீ. பிட்டை ஓட்டியபோது அதன் ஓரம் நிமிடத்துக்கு 83 மீட்டர் ஓடியிருக்கிறது. தாங்கக்கூடியதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். எச்.எஸ்.எஸ். சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரைதான் தன் கடினத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். அதைத் தாண்டினால் முனை இளகி மழுங்கும், மழுங்கியது இன்னும் உரசும், உரசல் இன்னும் சூட்டை ஏற்றும். சில நொடிகளில் கதை முடிந்துவிடும். ஓரம் முதலில் கருகுவதற்கும் இதுவே காரணம்: பிட்டின் நட்ட நடுவில் வேகம் பூஜ்யம், ஓரத்தில்தான் முழு வேகம்.

எச்.எஸ்.எஸ். கருவிக்கு மற்ற பொருள்களின் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் நிமிடத்துக்கு மீட்டர். நடுத்தரக் கார்பன் எஃகு 18 முதல் 22, வார்ப்பிரும்பு 18 முதல் 24, எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) என்றால் 10 முதல் 15, எளிதில் வெட்டுப்படும் பித்தளை 45 முதல் 60, அலுமினியம் 60 முதல் 90. ஆழத்தையும் மறக்க வேண்டாம். துளையின் ஆழம் விட்டத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் குளிர்விக்கும் கூலண்ட் நுனிவரை இறங்காது, சீவல் மேலே ஏறாது. ஐந்து மடங்கு ஆழம் போகும்போது மேற்சொன்ன வேகத்தில் 30 சதவீதம் குறைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எஸ்.எஸ். 304 தகட்டில் துளை போட்டால் பாதியில் பிட் கீச்சென்று கத்திக்கொண்டு நின்றுவிடுகிறது. வேகத்தைக் கூட்டியும் பார்த்தாயிற்று, அழுத்தியும் பார்த்தாயிற்று. அலுமினியத்தில் இந்தத் தொல்லையே இல்லையே?

வேகத்தைக் கூட்டியதுதான் தொல்லையைப் பெரிதாக்கியது. எஸ்.எஸ்.-இடம் இரண்டு குணங்கள் உண்டு, இரண்டும் வெட்டுபவருக்கு எதிரானவை.

முதலாவது, சூட்டைக் கடத்தாது. 304 எஃகின் வெப்பக் கடத்தும் திறன் எம்.எஸ்.-இல் மூன்றில் ஒரு பங்குதான். அலுமினியக் கலவையோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அலுமினியத்தை வெட்டும்போது பிறக்கும் சூடு சீவலோடும் ஜாபோடும் (வெட்டப்படும் பொருள்) பரவிப் போய்விடுகிறது. எஸ்.எஸ்.-இல் போக்கிடம் இல்லாமல் முனையிலேயே தேங்குகிறது.

இரண்டாவது, அழுத்தப்பட்டால் இறுகிவிடும். பிட் சீவல் எடுக்காமல் ஒரே இடத்தில் உரசிக்கொண்டு நின்றால் அடியில் ஒரு கடினமான தோல் உருவாகும். அந்தத் தோல் அசல் உலோகத்தைவிட இரண்டு மடங்கு வரை கடினமாகலாம். நீங்கள் கேட்ட அந்தக் கீச்சுச் சத்தம், பிட் வெட்டுவதை விட்டுவிட்டு அந்தத் தோலைத் தேய்க்கிறது என்பதற்கான அறிவிப்பு.

ஆகவே முறை இப்படி: 10 மி.மீ. பிட்டுக்கு 380 ஆர்.பி.எம். போதும், அது நிமிடத்துக்கு 12 மீட்டர். ஃபீடு, அதாவது பிட் உள்ளே இறங்கும் அளவு, ஒரு சுற்றுக்கு 0.12 முதல் 0.15 மி.மீ. வரை இருக்கட்டும். கையால் இறக்குபவர்கள் இதை அளக்க முடியாது. சீவல் இடைவிடாமல் சுருண்டு வந்துகொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். அது அறுந்தால் அழுத்தம் போதவில்லை. நடுவில் நின்று யோசிக்கக் கூடாது. நிறுத்த வேண்டுமானால் பிட்டை முழுவதுமாக வெளியே எடுத்துவிட்டு நிறுத்துங்கள். 5 அல்லது 8 சதவீதம் கோபால்ட் கலந்த, 135 டிகிரி முனையுள்ள பிட் இதற்குத் தோதானது. கட்டிங் ஆயில் தொடர்ந்து விழ வேண்டும். முதலில் சிறிய பைலட் துளை போடுவதானால் 2.5 அல்லது 3 மி.மீ. மட்டும், பெரிய பிட்டின் நடு முனைக்கு இடம் கொடுத்தால் போதுமானது. துளையின் இடத்தைக் குறிக்கும் சென்டர் பஞ்சை ஓங்கி அடித்தாலும் அந்த இடம் இறுகும், எனவே லேசாக ஒரு தட்டு.

ஏற்கெனவே இறுகிப்போன துளையை என்ன செய்வது? தகட்டைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து புதிதாகத் தீட்டிய பிட்டோடு வாருங்கள். அது முடியாத இடத்தில் எச்.எஸ்.எஸ்.-ஐ விடக் கடினமான கார்பைடு பிட்டை, ஆடாத மெஷினில் பிடித்து, அந்தத் தோலைத் தாண்டும் வரை மட்டும் பயன்படுத்தலாம். கை டிரில்லில் கார்பைடு பிட்டைப் போட்டால் ஒடியும்.

கேள்வி: லேத்தில் கார்பைடு இன்செர்ட் (டூலில் பொருத்தும் மாற்று முனை) போட்டு எம்.எஸ். ராடு கடைகிறேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தேன். பரப்பு முன்னைவிடச் சொரசொரப்பாக, கிழித்தது போல வருகிறது. குறைத்தால் நன்றாகத்தானே வர வேண்டும்?

பலரும் தடுக்கி விழும் இடம் இது. வேகம் கூடினால் மட்டும் கெடுதல் என்று நினைக்கிறோம். குறைந்தாலும் கெடுதல் உண்டு, அது வேறு வகையானது.

மெதுவாக வெட்டும்போது, சீவல் டூலின் முகத்தில் பெரும் அழுத்தத்தோடு நகர்கிறது. அதில் ஒரு சிறு பகுதி முனையிலேயே பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் அடுத்தது, அதன் மேல் இன்னொன்று என்று ஒரு பொய்முனை வளர்கிறது. அப்புறம் வெட்டுவது உங்கள் இன்செர்ட் இல்லை, கூரோ வடிவமோ இல்லாத அந்த உலோகக் கட்டி. வளர்ந்த கட்டி நிலைக்காமல் உடையும்; உடைந்த துணுக்குகளில் பாதி சீவலோடு போகும், பாதி ஜாபின் பரப்பில் பதிந்துவிடும். நீங்கள் பார்க்கும் கிழிசல் அதுதான். உடையும்போது இன்செர்ட்டின் ஓரத்தையும் பெயர்த்துக்கொண்டு போவதால் முனை துண்டு துண்டாக உதிரும். இன்செர்ட்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள், முனையில் பளபளவென்று ஒட்டியிருக்கும் உலோகம் தெரியும்.

எம்.எஸ்.-இல் நிமிடத்துக்கு 30 முதல் 70 மீட்டர் வரை இந்த ஒட்டல் மோசமாக இருக்கும். 120 மீட்டரைத் தாண்டினால் சீவலின் அடிப்பக்கம் சூட்டில் இளகிவிடுவதால் கட்டி நிற்க முடியாமல் வழுக்கிப் போய்விடும், பரப்பு பளிச்சென்று வரும். கோட்டிங் உள்ள இன்செர்ட் எம்.எஸ்.-இல் 150 முதல் 250 மீட்டர் வரை ஓட வேண்டியது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பழைய லேத்தில் உச்ச வேகமே 1,200 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 மி.மீ. ராடில் அது 60 மீட்டர்தான், அந்த ஒட்டும் மண்டலத்துக்குள்ளேயே. அப்படிப்பட்ட மெஷினில் சிறிய விட்டத்துக்குக் கார்பைடு போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பெரிய ரேக் கோணம் (முனையின் முன்முகச் சாய்வு) வைத்துக் கூர்மையாகத் தீட்டி, ஆயில் ஸ்டோனில் முனையை மெருகேற்றிய எச்.எஸ்.எஸ். டூல், 25 மீட்டர் வேகம், தாராளமாகக் கட்டிங் ஆயில்: இது அந்த இன்செர்ட்டை விட நல்ல பரப்பைத் தரும். கார்பைடையே போட்டாக வேண்டுமென்றால், அலுமினியத்துக்கென்று விற்கும் கோட்டிங் இல்லாத, முகம் பளபளப்பாக்கிய இன்செர்ட்டைக் கொண்டு கடைசி ஃபினிஷிங் சீவலை மட்டும் எடுக்கலாம்.

கேள்வி: இதே இடத்தில் இன்னொரு சந்தேகம். உற்பத்தி கூடட்டும் என்று 150 மீட்டரிலிருந்து 180 மீட்டருக்கு ஏற்றினேன். 20 சதவீதம்தானே கூட்டினேன், இன்செர்ட் ஏன் பாதி நேரத்தில் தேய்கிறது?

டூலின் ஆயுளும் வேகமும் நேர்க்கணக்கில் மாறுவதில்லை. இதை முதலில் எண்களாக வெளியிட்டவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர். சுமார் 26 ஆண்டுகள் சோதனை செய்து 1906-இல் அந்த முடிவுகளை அறிவித்தார். எச்.எஸ்.எஸ்.-ஐ மான்செல் ஒயிட்டோடு சேர்ந்து உருவாக்கியவரும் அவரே. 1900 பாரிஸ் கண்காட்சியில் அந்த டூல் நுனி சிவக்கச் சிவக்க எஃகைக் கடைந்தது, பார்த்த பொறியாளர்களுக்குப் பெரிய வியப்பு. அவர் சொன்ன விதிப்படி, வேகம் கூடும்போது ஆயுள் ஓர் அடுக்குக் கணக்கில் சரிகிறது. கார்பைடுக்கு அந்த அடுக்கு ஏறத்தாழ 4, எச்.எஸ்.எஸ்.-க்கு ஏறத்தாழ 8.

உங்கள் கணக்கைப் போடுவோம். 1.2-ஐ நான்கு முறை பெருக்கினால் 2.07. ஆகவே ஆயுள் பாதி. 60 நிமிடம் ஓடிய முனை 29 நிமிடத்தில் முடிகிறது. எச்.எஸ்.எஸ். டூலில் இதே 20 சதவீதத்தைக் கூட்டியிருந்தால் 4.3 மடங்கு சரிந்து 14 நிமிடத்துக்கு வந்திருக்கும்.

சீவலை அதிகம் எடுக்க வேண்டுமென்றால் வரிசை இப்படி: மெஷினும் ஜாபும் தாங்கும் அளவுக்கு முதலில் வெட்டு ஆழத்தைக் கூட்டுங்கள். அது டூலின் ஆயுளைக் குறைவாகவே தொடும். அடுத்து ஃபீடு. வேகத்தைக் கடைசியில் தொடுங்கள்.

இன்செர்ட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தையும் புரிந்து படிக்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் அதை 15 நிமிட ஆயுளுக்குத்தான் கொடுக்கிறார்கள். பெட்டியில் 200 மீட்டர் என்று இருந்து, உங்களுக்கு 60 நிமிடம் வேண்டுமானால் 140 முதல் 150-க்குள் ஓட்டுங்கள். சீவலின் நிறமும் ஒரு நல்ல அளவுகோல். எஃகை எச்.எஸ்.எஸ்.-ஆல் வெட்டும்போது சீவல் வெள்ளி நிறமாகவோ இளமஞ்சளாகவோ வர வேண்டும். நீலம் கண்டால் உடனே குறையுங்கள். கார்பைடில் நீலச் சீவல் வந்தால் பயப்பட வேண்டாம், சூடு சீவலோடு வெளியேறுகிறது என்றுதான் பொருள்.

கேள்வி: 100 மி.மீ. விட்டமுள்ள ஜாபின் முகப்பைத் தட்டையாகக் கடைந்தால் (ஃபேசிங்) வெளிவட்டம் கண்ணாடி போல, நடுப்பகுதி மங்கலாக வருகிறது. ஏன்?

மூன்றாவது கேள்வியின் பதில்தான், வேறு வேடத்தில். 477 ஆர்.பி.எம்.-இல் 100 மி.மீ. விட்டத்தில் வேகம் 150 மீட்டர். டூல் உள்ளே போகப் போக விட்டம் குறைகிறது, 20 மி.மீ. விட்டத்துக்கு வரும்போது அதே ஆர்.பி.எம். 30 மீட்டராகிவிடும். ஏறத்தாழ 40 மி.மீ. விட்டத்துக்குள் நுழையும்போதே ஒட்டல் தொடங்கி, மங்கல் வளையம் தெரியும்.

கணினி இயக்கும் சி.என்.சி. லேத்தில் ஜி96 எஸ்150 (வெட்டு வேகத்தை 150 மீட்டரில் நிறுத்தும் கட்டளை) என்று கொடுத்தால் விட்டம் குறையக் குறைய மெஷினே சுற்றைக் கூட்டிக்கொள்ளும். அதற்கு முந்தைய வரியில் ஜி50 எஸ்2000 என்று உச்ச வரம்பு கொடுக்காமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். மையத்தில் விட்டம் பூஜ்யம் என்பதால் மெஷின் தன் எல்லைவரை ஓடப் பார்க்கும். ஜாபைப் பிடித்திருக்கும் சக்கின் தாடைகள் விரிந்து பிடி தளர்ந்தால் ஜாப் பறக்கும். சில கண்ட்ரோலர்களில் இந்த வரம்புக்கு ஜி50-க்குப் பதில் ஜி92 வரும், மெஷின் கையேட்டைப் பாருங்கள். 2,000 வரம்பு வைத்தால் 24 மி.மீ. விட்டம் வரை முழு 150 மீட்டர் கிடைக்கும். சாதாரண லேத்தில் நடுவில் ஒருமுறை வேகத்தை மாற்றிக்கொள்ளலாம், அல்லது மையத்தில் முதலிலேயே துளை போட்டுவிடலாம்.

ஜாபை அறுத்துத் துண்டாக்கும் பார்ட்டிங்கிலும் இதே நிலைதான். கடைசி 2 மி.மீ. இருக்கும்போது ஃபீடை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் இன்செர்ட் நுனி ஒடியாது.

கேள்வி: வார்ப்பிரும்பு சுத்தியால் அடித்தால் உடைந்துவிடுகிறது, பொடிப்பொடியாக உதிர்கிறது. அதை ஏன் எம்.எஸ்.-ஐ விட மெதுவாக வெட்டச் சொல்கிறார்கள்? பித்தளையில் மட்டும் பிட் ஏன் மாட்டிக்கொண்டு இழுக்கிறது?

உடைவது வேறு, தேய்ப்பது வேறு. சாம்பல் வார்ப்பிரும்பில் இருக்கும் கிராஃபைட் சீவலை உடைத்துக் கொடுப்பது உண்மை. ஆனால் அதற்குள் கடினமான இரும்புக் கார்பைடு துகள்களும் உண்டு. வெளித்தோலில் அச்சு மணல் ஒட்டியிருக்கும். மெல்லிய இடங்கள் வேகமாகக் குளிர்ந்து கண்ணாடி போல இறுகியிருக்கும். பொடியாக உதிரும் சீவல் முனைக்கு வெகு அருகிலேயே உடைவதால் சூடும் தேய்மானமும் அந்த ஒரு கோட்டில் குவிகின்றன. அதனால் வேகத்தை அடக்க வேண்டும், முதல் வெட்டு தோலுக்குக் கீழே இறங்க வேண்டும், 2 முதல் 3 மி.மீ. ஆழம். தோலின் மேலேயே அரை மி.மீ. சுரண்டினால் டூல் ஐந்து நிமிடம் தாங்காது. கூலண்ட் வேண்டாம், பொடியும் கூலண்டும் சேர்ந்த சேறு லேத்தின் வழித்தடங்களை அரம் போல அராவிவிடும்.

பித்தளைக்கு வேகம் தாராளமாக இருக்கலாம், சிக்கல் கோணத்தில். சாதாரண பிட்டின் வெட்டு உதடு கொக்கி போல முன்னே சாய்ந்திருப்பதால், மிருதுவான பித்தளையில் திருகு போல உள்ளே ஏறிக்கொள்ளும். துளை மறுபக்கம் திறக்கும் அந்த நொடியில் ஜாபையே தூக்கிச் சுழற்றும். ஆயில் ஸ்டோனை எடுத்து, இரு உதடுகளின் முன்முகத்திலும் பிட்டின் அச்சுக்கு இணையாக அரை மி.மீ. அகலத்துக்கு ஒரு தட்டையான முகம் வையுங்கள். கொக்கி போய், சுரண்டும் முனையாகிவிடும். பாஸ்பர் வெண்கலத்தைப் பித்தளை என்று எண்ணி ஓட்ட வேண்டாம். அதற்குப் பாதி வேகம்தான்.

கேள்வி: சி.என்.சி. ரூட்டரில் அக்ரிலிக் வெட்டினால் உருகி, வெட்டிய இடமே மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஃபீடை மெதுவாக்கினால் இன்னும் மோசமாகிறது. மரத்திலும் இதேபோல் கருகுகிறது.

ஃபீடை மெதுவாக்கியதுதான் காரணம். இந்த இரண்டு பொருளிலும் சூட்டை வெளியே கொண்டுபோக ஒரே வண்டிதான் உண்டு, அது சீவல். அக்ரிலிக் சூட்டைக் கடத்தவே கடத்தாது. சுமார் 105 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும். மெல்லிய தூளாக எடுத்தால் வண்டி சின்னதாகிவிடுகிறது. சூடு அங்கேயே நின்று பிளாஸ்டிக்கைப் பசையாக்குகிறது.

ஒற்றை வெட்டு முனையுள்ள 6 மி.மீ. பிட்டை 18,000 ஆர்.பி.எம்.-இல் ஓட்டினால், ஒரு முனை 0.1 மி.மீ. சீவல் எடுக்க ஃபீடு நிமிடத்துக்கு 1,800 மி.மீ. இருக்க வேண்டும். நீங்கள் 600-இல் ஓட்டினால் சீவல் 0.03 மி.மீ.; அது வெட்டு இல்லை, தேய்ப்பு. மெஷின் 1,800-ஐத் தாங்காவிட்டால் ஆர்.பி.எம்.-ஐ 10,000-க்கு இறக்கி 1,000 மி.மீ. ஃபீடு கொடுங்கள், சீவல் அதே பருமன்தான். இரண்டு, மூன்று முனையுள்ள பிட்டைப் போட்டால் ஃபீடையும் இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டியிருக்கும், அதனால் ஒற்றை முனையே நல்லது. காற்றை அடித்துச் சீவலைப் பள்ளத்திலிருந்து வெளியேற்றுங்கள். வாங்கும்போது காஸ்ட் அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ட்ரூடட் வகை இன்னும் சீக்கிரம் உருகும். வெட்டிய ஓரத்தை ஆல்கஹாலால் துடைக்க வேண்டாம், மயிரிழை விரிசல்கள் ஓடும். பி.வி.சி. தகடானால் அதிகக் கவனம்: சூடு ஏறினால் அது வெளிவிடும் ஹைட்ரஜன் குளோரைடு மூச்சுக்கும் கேடு, மெஷினையும் துருப்பிடிக்க வைக்கும்.

மரம் உருகாது, கருகும். மற்றபடி விதி அதேதான். ரூட்டரை மூலையில் ஒரு நொடி நிறுத்தினாலே கரும்புள்ளி விழும். வட்ட ரம்பத்தில் கருகினால் வேகத்தைச் சந்தேகிக்கும் முன் இரண்டைப் பாருங்கள்: பற்களில் பிசின் படிந்திருக்கிறதா, வழிகாட்டிப் பட்டை பிளேடுக்கு இணையாக இருக்கிறதா. 250 மி.மீ. பிளேடு 4,000 ஆர்.பி.எம்.-இல் ஓடும்போது பற்கள் நொடிக்கு 52 மீட்டர் ஓடுகின்றன, மரத்துக்கு அது சரியான வேகம்தான். ரூட்டரில் மட்டும் பிட்டின் விட்டத்தைப் பார்த்து வேகத்தைக் குறைக்க வேண்டும். 50 மி.மீ.-க்கு மேல் 16,000-க்குள், 75 மி.மீ. பிட்டுக்கு 12,000-க்குள்.

கேள்வி: டைட்டானியம் எஃகைவிட எடை குறைவு, கடினமும் அப்படியொன்றும் அதிகமில்லை. பிறகு ஏன் கார்பைடு முனை நிமிடங்களில் போய்விடுகிறது?

கடினத்தை மட்டும் வைத்து எதையும் எளிது, அரிது என்று முடிவு கட்ட முடியாது. விமானப் பாகங்களில் அதிகம் வரும் 6 சதவீத அலுமினியம், 4 சதவீத வனேடியம் கலந்த டைட்டானியம், எஸ்.எஸ்.-ஐ விடவும் பாதிக்குக் குறைவாகவே சூட்டைக் கடத்தும். சீவல் டூலின் முகத்தைத் தொடும் தூரமும் சிறியது. ஆக மொத்தச் சூடும் முனையின் ஓரத்திலேயே இறங்குகிறது. அந்தச் சூட்டில் டைட்டானியம் டூலோடு வேதிவினையும் புரியும். எச்.எஸ்.எஸ். என்றால் 9 முதல் 12 மீட்டர், கார்பைடு என்றால் 45 முதல் 60 மீட்டருக்குள் நில்லுங்கள். ஃபீடைக் குறைத்து ஈடுகட்ட முயல வேண்டாம். கூலண்ட் வெள்ளமாக வேண்டும். மெல்லிய சீவல் குவியல் தீப்பிடிக்கக்கூடியது; பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கென்று உள்ள பொடியோ அருகிலேயே இருக்கட்டும். மெக்னீசியத்துக்கும் இதே எச்சரிக்கை, இரண்டு மடங்காக.

நிக்கல் கலவையான இன்கோனல் 718 இன்னும் பிடிவாதமானது: கார்பைடில் 25 முதல் 35 மீட்டர்தான். ஆனால் செராமிக் இன்செர்ட்டில் அதே உலோகத்தை 200 மீட்டருக்கு மேல் ஓட்டுகிறார்கள். அங்கே சூடுதான் உதவிக்கு வருகிறது: முனைக்கு முன்னால் உலோகம் இளகுகிறது, செராமிக் இளகுவதில்லை. சூடான பொருளில் எது முதலில் இளகும் என்பதுதான் கேள்வி.

கேள்வி: சின்ன ஆங்கிள் கிரைண்டரில் பாதுகாப்பு மூடியான கார்டைக் கழற்றிவிட்டு 230 மி.மீ. கட்டிங் வீல் மாட்டலாமா? ஆழமாக வெட்டலாமே.

கூடாது. எக்காரணம் கொண்டும் கூடாது. கட்டிங் வீல்கள் விளிம்பில் நொடிக்கு 80 மீட்டர் வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. அதனால்தான் 115 மி.மீ. வீலில் 13,300 என்றும், 125-இல் 12,200 என்றும், 180-இல் 8,500 என்றும், 230-இல் 6,600 என்றும் உச்ச ஆர்.பி.எம். அச்சிடுகிறார்கள். சின்ன கிரைண்டர் 11,000-இல் சுற்றும். அதில் 230 மி.மீ. வீலை மாட்டினால் விளிம்பு நொடிக்கு 132 மீட்டர் ஓடும். வீலைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், அது அனுமதித்ததைப் போல 2.7 மடங்கு. வீல் வெடிக்கும், தடுக்கும் கார்டும் இருக்காது. முகமும் கழுத்தும் வீலுக்கு நேராக இருக்கும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுவோம். பெரிய வீல் தேய்ந்து 150 மி.மீ. ஆனதும் அதே மெஷினில் விளிம்பு வேகம் 52 மீட்டராகிவிடும். துகள்கள் வெட்டாமல் உதிரும், மீதி வீல் கண்முன்னே கரையும். அதைச் சின்ன மெஷினுக்கு மாற்றி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். வீலின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அதைத் தாண்டியதைக் குப்பையில் போடுங்கள், பிசின் வலுவிழந்திருக்கும்.

கேள்வி: கேஸ் கட்டிங்கில் வெட்டிய பக்கத்தில் கோடுகள் சாய்ந்து வருகின்றன. அடியில் கசடும் தொங்குகிறது. வேகம் சரியா?

கோடுகள் பின்புறமாக அதிகம் சாய்ந்தால் டார்ச்சை வேகமாக நகர்த்துகிறீர்கள். ஆக்சிஜன் அடிவரை எரித்து முடிக்கும் முன் மேலே நகர்ந்துவிடுகிறது. மேல் விளிம்பு உருகி உருண்டு போனால் வேகம் குறைவு. சரியான வேகத்தில் கோடுகள் ஏறத்தாழ நேராக, மேல் விளிம்பு கூராக இருக்கும். 10 மி.மீ. எம்.எஸ். தகட்டுக்கு நிமிடத்துக்கு 450 முதல் 550 மி.மீ., 25 மி.மீ.-க்கு 300 முதல் 400 மி.மீ. என்று தொடங்கி, நாசில் அளவுக்கு ஏற்பத் திருத்துங்கள். எஸ்.எஸ்.-இலும் அலுமினியத்திலும் எந்த வேகத்திலும் இது நடக்காது. அவற்றின் ஆக்சைடு, உலோகத்தைவிட அதிகச் சூட்டில்தான் உருகும் என்பதால் மேலே மூடிக்கொண்டு ஆக்சிஜனைத் தடுத்துவிடும். அவற்றுக்கு பிளாஸ்மா கட்டிங்.

கேள்வி: டைமண்ட் பிளேடு டைல்ஸில் நன்றாக வெட்டுகிறது, கிரானைட்டில் கொஞ்ச நேரத்தில் வழுக்கத் தொடங்குகிறது. வைரம் தேய்ந்துவிட்டதா?

வைரம் உள்ளே இருக்கிறது, வெளியே வரவில்லை. பிளேடின் விளிம்பில் வைரத் துகள்களை ஓர் உலோகப் பிணைப்பு பிடித்திருக்கும். மேலே உள்ள துகள் மழுங்கியதும் பிணைப்பு தேய்ந்து அடுத்த துகளை வெளிக்காட்ட வேண்டும். கடினமான கிரானைட் பிணைப்பைத் தேய்ப்பதில்லை, மழுங்கிய துகளே மேலே நின்று வழுக்குகிறது. விளிம்பு வேகம் கூடினால் ஒவ்வொரு துகளும் எடுக்கும் சீவல் இன்னும் மெலிந்து வழுக்கல் அதிகமாகும்.

கிரானைட்டுக்கு நொடிக்கு 25 முதல் 35 மீட்டர், மிருதுவான கல்லுக்கு அதைவிட அதிகம். 110 மி.மீ. பிளேடை 11,000 ஆர்.பி.எம்.-இல் ஓட்டினால் 63 மீட்டர் ஆகிவிடும். வேகம் மாற்றும் வசதியுள்ள மெஷினில் 5,000 முதல் 6,000-க்குள் வையுங்கள். பிளேடு வாங்கும்போது கிரானைட்டுக்கான மென்மையான பிணைப்பு என்று கேளுங்கள். இப்போது வழுக்கும் பிளேடைக் காப்பாற்ற, மணற்கல்லிலோ மணல் அதிகமுள்ள சிமெண்ட் கட்டியிலோ 1 செ.மீ. ஆழத்தில் எட்டு, பத்து முறை வெட்டுங்கள். விளிம்பை விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். மெஷின் நின்று, பிளக்கைப் பிடுங்கிய பிறகு தடவவும்.